பேரிங்கைக் காக்கும் எண்ணெய்ப் படலம்



பேரிங்கில் குண்டும் வளையமும் அழுந்தும் இடத்தில் அழுத்தம், காற்றழுத்தத்தைப் போல் 10,000 மடங்கையும் தாண்டும். அங்கே சிக்கும் எண்ணெய் முழுதும் பிதுங்கி ஓடிவிடுவதில்லை. கண நேரம் கெட்டிப்பட்டு, 1 மைக்ரானுக்கும் மெல்லிய படலமாக நின்று, இரும்பும் இரும்பும் உரசாமல் தடுக்கிறது. தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல்!

எண்ணெய் மிகவும் நீர்த்தால் படலம் அறுந்து தேய்மானம் வரும். மிகவும் கெட்டியானால் எண்ணெயே இழுவையைக் கூட்டிச் சூடேற்றும்.

டின்னில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68 என்பது 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மை. 68 கேட்டவருக்கு, இருப்பில் உள்ள 220-ஐக் கொடுத்தனுப்பாதீர்கள். கேட்ட நம்பரையே கொடுங்கள், வாடிக்கையாளர் நிலைப்பார்.