கிராம்பின் ஸத்து



நெய்ச்சோறும் ஆணமும் சமைக்கும் நம் வீடுகளில் கிராம்பு இல்லாத அஞ்சறைப் பெட்டி கிடையாது. அச்சிறு மொட்டுக்குள் அல்லாஹ் வைத்திருக்கும் ஸத்து யாது, அதைப் பிரித்தெடுப்பது எங்ஙனம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கிராம்பு மலராத மொட்டு. மலுக்குத் தீவுகளில் தோன்றிய அம்மரம் பின்னர் நமது பினாங்கிலும் பயிராயிற்று. நல்ல கிராம்பில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு எண்ணெய் உண்டு. அதில் பெரும்பங்கு யூஜினால் என்னும் வஸ்து.

யூஜினால் தனியே கொதிக்க 254 பாகைச் சூடு வேண்டும். அவ்வளவு சூடேற்றினால் மற்றச் சரக்கு கருகிவிடும். ஆகவே மொட்டுகளை இடித்து, அவற்றினூடே நீராவியைச் செலுத்துவர். எண்ணெய் நீராவியோடு சேர்ந்து 100 பாகைக்குள்ளாகவே எழும். குளிர வைத்தால் எண்ணெய் கனத்தால் அடியில் தங்கும், நீர் மேலே நிற்கும். வாலை வடிக்கும் இக்கலையைப் பற்றி 9-ஆம் நூற்றாண்டிலேயே அல் கிந்தி நூல் எழுதினார் என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

பின்பு எண்ணெயைக் காரநீரோடு குலுக்கினால் யூஜினால் அதில் கரையும். ஏனைய எண்ணெய் மிதக்கும். கரைந்த நீரைப் பிரித்து அமிலம் விட்டால் யூஜினால் மீண்டும் தனியே வந்துவிடும்.

இதன் பயன் இரண்டு. கொழுப்பைப் பிராணவாயு தாக்கிச் சிக்கு வாடை உண்டாக்குவதை இது தடுக்கும். நுண்கிருமிகளின் மேற்சவ்வைச் சிதைத்து அவற்றை மடியச் செய்யும். பல் வைத்தியர்கள் துத்தநாக ஆக்ஸைடுப் பொடியுடன் குழைத்துப் பல்லில் அடைப்பதும் இதனையே. எனினும் வடித்த எண்ணெய் மிகக் கடுமையானது. குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பது ஆபத்து.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணெய் வடித்த சக்கையைக் காயவைத்து நல்ல கிராம்போடு கலப்போரும் உளர். தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: நல்ல கிராம்பு அமிழும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும், சக்கை படுத்து மிதக்கும். நகத்தால் அழுத்தினால் நல்லதில் எண்ணெய் கசியும்.

குர்ஆனின் 83-வது சூரா அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கிறது. தராசு முள் நேராக நின்றாலும், ஸத்தில் குறைத்தால் அதுவும் மோசமே அன்றோ? வாங்குபவர் நம்மிடம் ஒப்படைப்பது காசை மட்டுமல்ல, நம்பிக்கையையும். அந்த அமானத்தைக் காப்போமாக! அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.