இன்றே தொடங்குவோம்

தறியிலே பாவு இழை ஒன்று அறுகின்றது. இன்னும் ஒரு சாண் நெய்தபின் முடிச்சிடலாம் என்று நாம் எண்ணுகின்றோம். அந்த ஒரு சாணும் துணியிலே கோடாக நின்று விலையைக் குறைத்துவிடுகின்றது. நட்ட 15ஆம் நாளையொட்டி எடுக்கவேண்டிய களையை ஒரு மாதம் விட்டுவைத்தால், நெல்லுக்கு இட்ட உரத்தைக் களையே உண்கின்றது. தமிழ்நாட்டிலே கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணை நாளுக்குள் செலுத்துவோர் வட்டி கட்டவேண்டுவதில்லை. நாள் தவறினாலோ அச்சலுகை போய்விடுகின்றது.

நாம் சோம்பேறிகள் அல்லோம். விடியலில் எழுந்து பாடுபடுகின்றவர்களே. வேலை மலையெனத் தோன்றுவதாற்றான் தொடங்கத் தயங்குகின்றோம். ஆகவே, முதற்படியைச் சிறிதாக்கிக்கொள்ளல் வேண்டும். ஆண்டுக் கணக்கை ஒரே நாளில் எழுத முயலவேண்டா. இன்றைய வரவு செலவை இரண்டு வரியில் எழுதினாற் போதும். அதனையும் ஓய்வு கிடைக்கும்போது பார்ப்போம் என்று விடாமல், தறிக்குழியை விட்டு ஏறியவுடன் என்றோ, வயலிலிருந்து திரும்பிக் கைகால் கழுவியவுடன் என்றோ, ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு பிணைத்துவிடுவோம். ஒரு நாள் தவறினால் மனந் தளராது மறுநாள் தொடர்வோம்.

அங்கத்தினர்களே, இன்றிரவே கடன் புத்தகத்தை எடுத்துத் தவணை நாளைச் சுவர் நாட்காட்டியிற் குறித்து வைப்போமாக. அதுவே நம் முதற்படி.