காந்தம் இல்லாத இடத்தில் பிறக்கும் காந்தம்

திசைகாட்டியின் ஊசி ஏன் வடக்கு நோக்குகிறது என்று கேட்டால், "பூமி ஒரு பெரிய காந்தம்" என்று உடனே விடை சொல்வோம். 1600ஆம் ஆண்டில் வில்லியம் கில்பேட் சொன்ன விடையும் அதுவே. கிப்லாவைக் காட்டும் சிறு கருவியும் கப்பலின் திசைகாட்டியும் அந்தக் காந்தத்தை நம்பியே இருக்கின்றன. ஆனால் இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது நிலைக்காந்தமாக இருக்காது. பூமியின் நடுப்பகுதியோ பல ஆயிரம் பாகை வெப்பமுடையது. அப்படியானால் இந்தக் காந்தப்புலம் எப்படி உண்டாகிறது?

யுத்த காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். அந்த டைனமோவுக்குள் ஒரு காந்தம் உண்டு. அது சுழலும்போது கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்பதும் நாம் படித்ததே. 1919இல் ஜோசப் லாமர் இவ்விரண்டையும் இணைத்தார். மின்னைக் கடத்தும் திரவம் மிக மெல்லிய காந்தப்புலத்தினூடே பாய்ந்தாலும் அதில் மின்னோட்டம் தோன்றும். அது மேலும் காந்தப்புலத்தைத் தரும். பாய்ச்சல் பொருத்தமாக அமைந்தால் புலம் தானே வளரும் என்றார். பூமியில் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்கும் உருகிய இரும்பே அந்தத் திரவம்.

உருகிய இரும்பை ஆய்வுகூடத்தில் சுழற்றுவது கடினம். எனவே முதலில் பாதரசம் உதவியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், திரவ உலோகத்தின் மேற்காவுகையைக் காந்தப்புலம் தடுக்கும் என்று 1952இல் கணித்தார். நககாவா அங்கே பாதரசத்தைக் கீழிருந்து சூடாக்கிச் செய்த பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தின. பாய்ச்சல் காந்தப்புலத்தை வளர்க்கும். வளர்ந்த புலம் பாய்ச்சலுக்குக் கடிவாளமிடும். புலம் எல்லையின்றிப் பெருகாதது இதனால்தான்.

புலம் தானே பிறப்பதைக் காணச் சோடியம் தேவைப்பட்டது. பாடசாலை ஆய்வுகூடத்தில் எண்ணெய்க்குள் இட்டு வைக்கும் அதே சோடியம்தான். அது 98 பாகையில் உருகும். மின்னை மிக நன்றாகக் கடத்தும். நீர் பட்டால் தீப்பற்றும். 1999 நவம்பர் 11இல் லற்வியாவின் ரீகாவில் குழாயினூடே வேகமாகச் செலுத்தப்பட்ட சோடியத்தில், தானே வளரும் காந்தப்புலம் தென்பட்டது. அடுத்த மாதம் ஜேர்மனியின் கார்ல்ஸ்றூவிலும் அது நிகழ்ந்தது. எண்பது ஆண்டுகள் தாளில் இருந்த கருத்து கண்முன் உண்மையானது. 2006இல் பிரான்சின் கடராஷில், இரும்புத் தட்டுகள் கலக்கிய சோடியத்தில் பிறந்த புலம் வடக்குத் தெற்காகவும் தெற்கு வடக்காகவும் புரண்டது. பூமியின் காந்தப்புலமும் சுமார் 780,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு புரண்டதைப் பாறைகள் காட்டுகின்றன.

எல்லா முயற்சியும் இப்படிப் பலித்துவிடவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில், 3 மீற்றர் விட்டமுள்ள கோளத்தில் ஏறத்தாழ 12 தொன் சோடியத்தைச் சுழற்றினார்கள். வெளியிலிருந்து கொடுத்த புலம் பெருகியது. ஆனால் தானே நிலைக்கும் புலம் பிறக்கவில்லை. பாயும் திரவத்தின் பருமனும் வேகமும் கூடும்போதுதான் அது எளிதாகும். பூமிக்கு அதன் பருமனே துணை.

செவ்வாயிலும் ஒரு காலத்தில் இத்தகைய காந்தப்புலம் இருந்தது. இன்று அதன் பழைய பாறைகளில் அடையாளம் மட்டுமே எஞ்சியுள்ளது. காந்தப்புலம் ஒரு கோளுக்கு நிரந்தரச் சொத்தல்ல. மிதிப்பது நின்றால் டைனமோ நிற்பதுபோல, உள்ளே உலோகம் ஓடும் வரைதான் அதுவும்.