மூன்றாவது ரெசிஸ்டரைக் கழற்றுங்கள்: காரில் குட்டித் திரை பொருத்தும் முறை

பல சின்னக் கார்களில் இன்று இன்ஜின் சூட்டைக் காட்ட முள் இல்லை. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். காரின் பழுதறியும் ஓபிடி சாக்கெட்டிலிருந்து கூலன்ட் சூட்டைப் படித்துக் காட்ட ஓர் ஆர்டுயினோ, எம்சிபி2515 போர்டு, ஓலெட் திரை, 12 வோல்ட்டை 5 ஆக்கும் கன்வெர்ட்டர் போதும்.

1. இடம்: பார்வை சாலையை விட்டு அதிகம் விலகாத இடத்தில் திரையை ஒட்டுங்கள். ஏர்பேக் மூடிமேல் வேண்டவே வேண்டாம்.

2. கரன்ட்: சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவியை எடுத்தாலும் 12 வோல்ட் இருக்கும். அதில் எடுத்தால், ஊருக்குப் போய்த் திரும்பும்போது பேட்டரி இறங்கியிருக்கும். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இணைப்பிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுங்கள். எர்த்துக்கு 4ஆம் பின். கன்வெர்ட்டரை மீட்டரில் 5 வோல்ட்டுக்குச் சரிசெய்த பிறகே போர்டை இணையுங்கள்.

3. டேட்டா ஒயர்: பலர் தடுக்கி விழுவது இங்கேதான். காரின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் இணைப்பில், 6ஆம் பின் கேன் ஹை, 14 கேன் லோ. காரின் ஒயரை வெட்டாதீர்கள்; ஓபிடி பிளக் ஒன்று வாங்கி, அதில் ஈயம் பற்றவையுங்கள். இரண்டு ஒயரையும் முறுக்கி, 30 செ.மீ.க்குள் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். திரைக்குப் போகும் ஒயர் நீண்டால் பரவாயில்லை, இது நீளக்கூடாது.

கேன் ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் காரிலேயே உண்டு. சிக்னல் கோடியில் மோதித் திரும்பாமல் உறிஞ்சுவது அதன் வேலை. நீங்கள் வாங்கும் போர்டிலும் பெரும்பாலும் ஒரு 120 ஓம் இருக்கும். அது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிக்னல் தளரும். டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்குகள் எரியலாம். உடனே போர்டு பழுது என்று தூக்கிப் போடுகிறார்கள்!

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, 6க்கும் 14க்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். வழக்கமாக 60 காட்டும். போர்டை மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். 40க்கு இறங்கினால் போர்டிலுள்ள ஜம்பரை உருவுங்கள். ஜம்பர் இல்லையென்றால் 121 என்று அச்சிட்ட சிறு ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். முதல் அளவு எதுவானாலும், போர்டு சேர்ந்தபின் அது மாறக்கூடாது.

4. வேகம்: பெரும்பாலான கார்களில் நொடிக்கு 500 கிலோபிட். போர்டின் கிரிஸ்டலில் 8 என்றிருக்கும்போது நிரலில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று விட்டால் வேகம் பாதியாகி, மற்ற கருவிகளின் பேச்சையும் கெடுக்கும். கிரிஸ்டலைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

5. கேள்வி: 7டிஎஃப் முகவரிக்கு, 01 முறையில் 05 (கூலன்ட் சூடு) கேளுங்கள். வரும் எண்ணில் 40 கழித்தால் செல்சியஸ். நொடிக்கு ஒருமுறை போதும்.

ஒரு வாரம் ஓட்டி, உங்கள் காரின் வழக்கமான சூட்டை மனதில் வாங்குங்கள். பிறகு என்றாவது அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.