முதலில் சூடு, பிறகுதான் பால்: நாய்க்குட்டிகளின் முதல் எட்டு வாரம்

ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, கன்னியோ, வீட்டிலேயே குட்டி எடுப்பவர்களுக்கு இது தெரியும்: ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி விழுந்தாலும் எட்டும் தேறுவதில்லை. இழப்பில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. அதில் பலவற்றைத் தடுக்க முடியும். தேவையானவை: தெர்மாமீட்டர், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, ஒரு நோட்டு, இரவிலும் போனை எடுக்கும் கால்நடை மருத்துவர்.

1. இடம்

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு வாரம் முன்பே, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் பெட்டி வைத்துத் தாயைப் பழக்குங்கள். டைல்ஸ் தரையோ சிமெண்ட் தரையோ வெறுமனே இருக்கக் கூடாது. அது குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். துவைத்த பருத்தித் துணியை விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள்.

2. பிறந்த நிமிடங்கள்

உறையைத் தாய் உடனே கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துண்டால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் பழக்கம் வேண்டாம், மூளையில் அடிபடும். தொப்புள் கொடியைத் தாய் கடிக்காமல் விட்டால், வயிற்றிலிருந்து 2 செ.மீ. தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே நறுக்குங்கள். நுனியில் போவிடோன் அயோடின் போதும். மஞ்சள், சாம்பல் எதுவும் பூசாதீர்கள். வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். தாய் அரை மணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலோ, வயிற்றில் குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரம் இடைவெளி விழுந்தாலோ, உடனே மருத்துவரை அழையுங்கள்.

3. சூடு

பிறந்த குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. சூட்டை வெளியிலிருந்துதான் பெற வேண்டும். முதல் வாரம் பெட்டிக்குள் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கட்டும். பிறகு வாரவாரம் கொஞ்சம் குறைக்கலாம். குண்டு பல்பை ஒரு மூலையில் மட்டும் உயரத்தில் தொங்கவிட்டால், வேண்டிய குட்டி நெருங்கும், வேண்டாதது விலகும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். சிதறிப்போய்க் கத்தினால் புழுக்கம். சித்திரை வெயிலில் பல்பே தேவைப்படாது. மின்விசிறிக் காற்று மட்டும் எப்போதும் நேராக மேலே படக் கூடாது.

குட்டி சில்லிட்டுக் கிடந்தால் பலரும் முதலில் பால் ஊட்டுகிறார்கள். அதுதான் ஆபத்து. உடல்சூடு 95 டிகிரிக்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது. பால் செரிக்காமல் தங்கும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால்.

4. சீம்பால்

நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் வருகிறது. ஒரு நாள் கடந்தால் குட்டியின் குடல் அதை ஏற்காது. முதல் 12 மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் குடித்தாக வேண்டும். நோஞ்சான் குட்டியை, பால் அதிகம் உள்ள பின்காம்பில் பிடித்து விடுங்கள். தாய்க்குப் பால் போதாவிட்டால் நாய்க்குட்டிக்கான பால்பொடி வாங்குங்கள். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலைவிட மிகக் குறைவு, கழிச்சலும் வரும். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, வயிறு கீழே இருக்கும்படி வைத்தே ஊட்ட வேண்டும், மல்லாத்திப் போட்டு அல்ல. தாய் நக்காத குட்டிக்குத் தானாக மலசலம் இறங்காது. வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவிவிடுங்கள்.

5. தராசு

ஒவ்வொரு குட்டிக்கும் அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். முதல் நாள் சற்றுக் குறையலாம். பிறகு தினமும் ஏற வேண்டும். 300 கிராமில் பிறந்த குட்டி பத்தாம் நாளுக்குள் 600 கிராமைத் தொட வேண்டும். எடை ஒரு நாள் நின்றுபோனாலே கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியுமுன் தராசு சொல்லிவிடும். ஓயாமல் கத்தும் குட்டியையும், தாய் ஒதுக்கும் குட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாயின் மடி கல்லாகிச் சிவந்தாலோ, தாய்க்கு உடல் நடுக்கமோ விறைப்போ வந்தாலோ அதுவும் அவசரம்தான்.

6. புழு, உண்ணி, தடுப்பூசி

உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது. அதனால் 2, 4, 6, 8ஆம் வாரங்களில், எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொல்லும் குடற்புழு மருந்து கொடுங்கள், தாய்க்கும் சேர்த்து. உண்ணியைக் கையால் எடுங்கள். பெரிய நாய்களுக்கான ஸ்பிரே, பவுடர் எதுவும் குட்டிக்கு ஆகாது. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடரும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில்.

7. கண், காது, இரை

கண் 10 முதல் 14 நாளில் தானாகத் திறக்கும், விரலால் பிரிக்காதீர்கள். இமை வீங்கினால் மருத்துவர் பார்க்கட்டும். மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால், ஐந்தாம் வாரத்தில் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். செவிட்டுக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், வாங்குபவரிடம் மறைக்கவும் வேண்டாம். நான்காம் வாரம் கூழ்போலக் குழைத்த உணவு தொடங்கலாம்.

கண் திறந்ததுமே குட்டியைக் கேட்டு வருவார்கள். மறுத்துவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதி. எட்டு வாரம் முடிந்து கொடுக்கும்போது, எடை, புழு மருந்து, தடுப்பூசி எழுதிய அந்த நோட்டின் நகலையும் சேர்த்தே கொடுங்கள்.