சோம்பலின் முடிச்சு

"நடக்க வேண்டுமென்ற எண்ணம் இருக்கிறது ஹஜ்ரத், மனம்தான் வரவில்லை" என்கிறார்கள் பலர். உடலுக்கும் நம்மீது ஹக்கு உண்டென்பது நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு உணர்த்திய பாடம். மனம் வரும்வரை அந்த ஹக்கைத் தள்ளிவைக்கலாமா?

உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுவதாகப் புகாரி, முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. விழித்து திக்ரு செய்தால் ஒன்றும், ஒளுச் செய்தால் இன்னொன்றும், தொழுதால் மற்றதும் அவிழ்கின்றன. அவர் சுறுசுறுப்புடன் காலையை அடைகிறார். கவனியுங்கள்: எழுந்த பிறகே சுறுசுறுப்பு வந்தது.

ஆகவே ஸுப்ஹுத் தொழுததும் மீண்டும் பாயில் சாயாமல் பத்து நிமிடம் நடங்கள். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான தேகப்பயிற்சி வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மெல்ல எட்டலாம். குறைவாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

"தொழுகையே தேகப்பயிற்சிதானே?" என்பார் சிலர். தொழுகை இபாதத், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். (அடுத்த தெருப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் வருவோரே பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள்!)

பெண்களுக்கும் இது பொருந்தும். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் உள்ளது. தெருவில் நடக்க வசதியில்லையேல் மொட்டைமாடி இருக்கிறது. கணவரும் உடன் நடந்தால் இன்னும் நல்லது.