உடலறிந்து வீசு

நுழையும்முன்

விளையாட்டில் பெறும் திறன் பயிற்சியால் மட்டும் விளைவதன்று. தன் உடலின் இயல்பை அறிதலும் அதற்கேற்ற கருவியைத் தேர்தலும் பயிற்சிக்கு அடிப்படையாகும். சென்னையில் ஆடப்படும் கோல்ஃப் ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

நகரின் நடுவே புல்வெளி

தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில், அண்ணா சாலையின் அருகே, ஒரு கோல்ஃப் மைதானம் உள்ளது. 1873-இல் தோன்றிய காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் அது. 1884-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் உறுப்பினர்கள் கிண்டிக் குதிரைப்பந்தயத் திடலின் உட்பகுதியில் நெடுங்காலம் இவ்வாட்டத்தை ஆடி வந்தனர்.

ஆட்டத்தின் நோக்கம் எளியது. 45.93 கிராமுக்கு மேற்படாத எடையுள்ள சிறு பந்தை, 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிக்குள் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்க்க வேண்டும். பந்தை எறிவார் எவரும் இல்லை. அது அசையாமல் கிடக்கிறது. ஆயினும் அதை நேராக அடிப்பது அரிது. காரணம், இங்கு ஆடுபவர் முதலில் வெல்ல வேண்டியது தம் உடலின் தடுமாற்றத்தையே.

வீச்சு என்னும் தொடர்வினை

மட்டையைப் பின்னே உயர்த்திப் பந்தை நோக்கி இறக்கும் செயலே வீச்சு. அது கைகளின் வேலை என்று தோன்றலாம். உண்மையில் அதன் ஆற்றல் நிலத்தை ஊன்றிய கால்களில் பிறக்கிறது. இடுப்பின் சுழற்சியால் வளர்கிறது. மார்பு, தோள், கை என வரிசையாக ஏறி, இறுதியில் மட்டையின் தலையை அடைகிறது. இவ்வரிசையில் ஒரு கண்ணி பிசகினால் விசை குறையும். பந்தின் திசையும் மாறும்.

மட்டை கீழிறங்க ஏறத்தாழக் கால் நொடியே ஆகிறது. அதற்குள் பிழையை உணர்ந்து திருத்த இயலாது. எனவே, வீச்சைத் திருத்த விரும்புவோர் வீசுவதற்கு முன்பே தம் உடலை ஆராய வேண்டும்.

உடலை ஆராய்தல்

மனித முதுகெலும்பின் கீழ்ப்பகுதி மிகக் குறைவாகவே சுழலக்கூடியது. சுழற்சியின் பெரும்பங்கை இடுப்பு மூட்டுகளும் மார்புப்பகுதி முதுகெலும்பும் ஏற்கின்றன. அவை இறுகியிருந்தால், அப்பங்கைக் கீழ்முதுகு சுமக்க நேரிடும். கோல்ஃப் ஆடுவோரிடம் முதுகுவலி மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். இந்நிலையில், "இன்னும் வேகமாகத் திரும்பு" என்று பயிற்சியாளர் வற்புறுத்தினால் குறை தீராது, காயமே மிஞ்சும்.

இவ்வுண்மை நாம் அறியாததன்று. 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்ட காலம் முதல், தென்சென்னையில் பரதநாட்டியம் பயில்வோர் பலர். அவர்கள் முதலில் பழகுவது அரைமண்டி. அந்நிலையில் தொடைகள் இடுப்பிலிருந்து வெளிப்புறம் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால் முறுக்கப்படும். ஆடல் ஆயினும் ஆட்டம் ஆயினும், ஓர் உறுப்பின் குறையை மற்றோர் உறுப்பு வலியாகச் சுமக்கிறது.

ஆய்வு முறைகள் எளியவை. நாற்காலியில் அமர்ந்து, தோள்களின் குறுக்கே ஒரு கோலை வைத்து இருபுறமும் திரும்பிப் பார்த்தல். ஒற்றைக்காலில் நின்று சமநிலையை அறிதல். கைகளை உயர்த்தியவாறு குந்தி எழுதல் ஆகியன அவற்றுள் சில. இவற்றால் புலப்படும் குறையை இயன்முறை மருத்துவர் மதிப்பிட்டு, இறுகியதைத் தளர்த்தவும் தளர்ந்ததை வலுப்படுத்தவும் பயிற்சி அளிப்பார்.

உடலுக்கேற்ற கருவி

உடலை அறிந்தபின் கருவியைத் தேர வேண்டும். உயரம் ஒன்றை மட்டும் கொண்டு மட்டையின் நீளத்தை முடிவுசெய்தல் போதாது. நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தொலைவையும் அளக்க வேண்டும். மெதுவாக வீசுவோருக்கு எடை குறைந்த, நன்கு வளையும் தண்டு உதவும். விரைந்து வீசுவோருக்கு விறைப்பான தண்டு பொருந்தும்.

மட்டைத் தலைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணமும் இன்றியமையாதது. வலக்கை ஆட்டக்காரருக்கு அக்கோணம் மிகச் செங்குத்தாக இருந்தால் பந்து இடப்புறம் விலகும். மிகத் தாழ்ந்திருந்தால் வலப்புறம் விலகும். இப்பிழையைத் தம் பிழையென எண்ணி, நல்ல வீச்சையே மாற்றிக் கெடுத்துக்கொள்வோர் உண்டு. பிறர் பயன்படுத்திய மட்டையைக் கொண்டு பழகும் இளையோர் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். விலையுயர்ந்த கருவியைவிடப் பொருந்தும் கருவியே நன்று.

தெரிந்து தெளிவோம்

ஓர் ஆட்டத்தில் ஒருவர் 14 மட்டைகள் வரையே எடுத்துச் செல்லலாம். நெடுந்தொலைவு அடிக்க ஒன்று, மணற்குழியிலிருந்து பந்தை மீட்க ஒன்று, குழிக்கு அருகே உருட்ட ஒன்று என ஒவ்வொன்றுக்கும் தனிப்பணி உண்டு.

தன் வலிமை அறிந்த வீராங்கனை

2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றார். ஒரே ஓர் அடி வேறுபாட்டில் வெண்கலப் பதக்கம் கைநழுவியது. போட்டியாளர் பலரைவிட அவர் அடித்த பந்து குறைந்த தொலைவே சென்றது. எனினும், குழியை நோக்கிப் பந்தை உருட்டும் நுட்பத்தில் அவர் சிறந்து விளங்கினார். பிறரது வலிமையைப் பின்பற்ற முயலாமல், தம் வலிமையைக் கூர்மையாக்கியதே அவரை உயர்த்தியது.

திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரம் அரசனுக்காக அமைந்தது. செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்னும் அதன் கருத்து, புல்வெளியில் நிற்கும் ஆட்டக்காரருக்கும் பொருந்தும். உடலை வருத்திப் பெறும் வெற்றி நிலைப்பதில்லை. உடலை அறிந்து பெறும் திறன் நெடுநாள் துணைநிற்கும்.

கற்பவை கற்றபின்

1. உம் பள்ளியில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மிகுதியாகப் பயன்படும் உடலுறுப்புகளைப் பட்டியலிடுக.

2. மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி ஆகியவற்றுள் ஒன்று பயன்படுத்துவோரின் உடலுக்குப் பொருந்தாவிடில் நேரும் விளைவுகளை எழுதுக.

3. 'குறை உடலிலா, கருவியிலா, பயிற்சியிலா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.